வயசு மேல் மட்டும் பழி போடாதீர்கள்

மார்கழி பிறந்தால் காரைக்குடிப் பக்கம் ஊருணிக் கரைகளில் கூட்டம் கூடிவிடும். தைப்பூசத்துக்குப் பழநி வரை நடக்கப் போகிறவர்கள் காலைப் பழக்குகிறார்கள். பதினோரு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு நாலே வாரத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கத் தயாராகிறார்கள்! காலில் கொப்புளம் வந்தால் போடக் களிம்பு வாங்குவார்கள். மூச்சைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

என் சித்தப்பாவுக்கு 58. போன வருஷம் குன்றக்குடி மலைப் படியில் பாதியிலேயே உட்கார்ந்து, "வயசாயிருச்சுப்பா" என்றார். அது பாதி உண்மைதான். உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு வயதோடு குறையத்தான் செய்கிறது. அதுவும் ஒரே சீராக இல்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்றில், இருபது முப்பது வயதில் பத்தாண்டுக்கு 3 முதல் 6 சதவீதம் இறங்கிய திறன், எழுபதுக்கு மேல் 20 சதவீதத்தையும் தாண்டி இறங்கியது.

மீதிப் பாதிக்கு அமெரிக்காவின் டாலஸ் நகருக்குப் போக வேண்டும். 1966இல் அங்கே இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். திறனில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தால், முப்பது வருஷ வயது பறித்ததைவிட அந்த மூன்று வாரம் பறித்தது அதிகம்! அப்புறம் ஆறு மாதப் பயிற்சியில், பழைய இருபது வயது அளவுக்கே திரும்பிவிட்டார்கள். இதயத்தின் உச்சத் துடிப்பு மட்டும் திரும்பவில்லை. ரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனை எடுக்கத் தசைகள் பழகியிருந்தன. காய்ச்சல் விட்டு வாரக்கணக்கான பிறகும் பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், பாய் விரித்துக் கிடப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

சித்தப்பாவின் அடுத்த தவறு, கைக்கடிகாரம். நிமிடத்துக்கு இதயத்தின் உச்சத் துடிப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 220இலிருந்து வயதைக் கழித்தால் 162. துடிப்பு அதைத் தொட்டாலே பயந்து நின்றுவிடுவார். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் இன்னொரு கணக்கில் அது 167. இரண்டுமே சராசரிதான். பத்துத் துடிப்பு முன்பின் இருப்பது சகஜம். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் நிற்க வேண்டியதுதான், டாக்டரையும் பார்க்க வேண்டும். மற்றபடி, பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

ஊர்க்கதை பேசிக்கொண்டே ஊருணியை நாலு சுற்று சுற்றுவது அந்த வேகத்துக்கு வராது. வாரத்துக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்க நடக்க வேண்டும்.

இந்த வருஷம் ஆடி கழிந்ததும் சித்தப்பா நடக்க ஆரம்பித்தார். போன வாரம் குன்றக்குடியில் மறுபடியும் பாதிப் படியில் நின்றார். பதறிப்போய்ப் பார்த்தேன். "செருப்புக்கு டோக்கன் வாங்கினியாப்பா?" என்றார்.