சாண்டோரினியா, நக்சோஸா? கடற்கரை விடுமுறைக்குத் தீவு தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளை வீடுகளும் நீலக் கும்மட்டங்களும் தெரியும் சாண்டோரினியின் புகழ்பெற்ற படத்தில் கடல் இருக்கிறது; கடற்கரை இல்லை. கிரேக்கத் தீவுகளுக்குக் கடலில் குளிப்பதற்காகவே போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுவதிலிருந்து பிறக்கின்றன. ஏஜியன் கடலில் சைக்லேட்ஸ் என்று அழைக்கப்படும் தீவுக்கூட்டத்தில், படகில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தொலைவில், சாண்டோரினியும் நக்சோஸும் இருக்கின்றன. இரண்டிலும் வெள்ளையடித்த வீடுகள் உண்டு, இரண்டிலும் நீலக் கடல் உண்டு. ஆனால் குளிப்பதற்கு இறங்குகிறவருக்கு இவை முற்றிலும் வேறான இரண்டு இடங்கள்.

சாண்டோரினி ஓர் எரிமலையின் மிச்சம். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பில் தீவின் நடுப்பகுதி உள்வாங்கிச் சரிந்தது. அந்தப் பள்ளத்தைக் கடல் நிரப்பியது. கல்டேரா எனப்படும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் ஃபிரா, இமெரோவிக்லி, ஈயா ஆகிய ஊர்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. (ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நம்மவர்கள் ‘ஓயா’ என்று படிப்பதும் இந்த ஈயாவைத்தான்.) விளிம்பின் உயரமான பகுதிகளிலிருந்து கடல்மட்டம் ஏறத்தாழ 300 மீட்டர் கீழே கிடக்கிறது. மணற்கரைகளோ தீவின் மறுபக்கத்தில், கிழக்கிலும் தெற்கிலும் இருக்கின்றன. கமாரி, பெரிஸ்ஸா, பெரிவோலோஸ் என்ற பெயர்களை அங்கேதான் தேட வேண்டும்.

ஆகவே முதல் தவறு, கல்டேரா விளிம்பில் அறை எடுத்துவிட்டு, தினமும் காலையில் துண்டை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்து போகலாம் என்று நினைப்பது. ஈயாவில் தங்குகிறவர் பெரிஸ்ஸாவுக்குப் போக வேண்டுமென்றால் பேருந்தில் ஃபிராவுக்கு வந்து, அங்கே வேறு பேருந்து மாற வேண்டும். தீவின் பேருந்துத் தடங்கள் எல்லாம் ஃபிராவையே மையமாகக் கொண்டவை. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் போக வர அரைநாள் கரைந்துவிடும். ஈயாவுக்குக் கீழே அம்மூதி என்ற சிறு துறை இருக்கிறது, அங்கே குளிக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். குளிக்கிறார்கள்தான், இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, பாறைமேலிருந்து நேராக ஆழமான நீரில் குதித்துக் குளிக்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு அது மிக அருமையான இடம். நான்கு வயதுக் குழந்தையோடும், முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் போகிறவருக்கு அது உதவாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கல்டேரா விளிம்பில் அறை வாடகை மிக அதிகமாக இருப்பதைப் பார்த்து, கமாரியிலோ பெரிஸ்ஸாவிலோ மலிவாக அறை கிடைத்ததென்று பதிவு செய்துவிட்டு, அறை வாசலிலிருந்தே புகழ்பெற்ற சூரிய மறைவைப் பார்க்கலாம் என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கரைகள் கிழக்கே பார்த்தவை. மாலையில் சூரியன் பின்னாலுள்ள மேட்டுக்குள் போய்விடும். அதுபோலவே, வரைபடத்தில் கமாரியும் பெரிஸ்ஸாவும் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டுக்கும் நடுவே மேசா வூனோ என்ற மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாலை அதைச் சுற்றி உள்நாட்டுக்குள் போய்த்தான் மீண்டும் கரைக்கு வருகிறது. மலைமேல் பழைய தேரா நகரத்தின் இடிபாடுகள் இருப்பதால் நடந்து கடப்பதும் நல்ல அனுபவமே, ஆனால் நீச்சல் உடையோடு, ஆகஸ்ட் மாத நண்பகலில் அல்ல.

இனி மணலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத் திட்டம் போடும்போது யாரும் மணலைப் பற்றிக் கேட்பதில்லை. எரிமலைக் குழம்பு குளிர்ந்து உடைந்து பொடிந்த பொருள் என்பதால் சாண்டோரினியின் கிழக்குக் கரை கறுப்பாக இருக்கிறது. கறுப்பு வெயிலை உறிஞ்சும். ஒரு ஜூலை மாதம் என் அக்கா குடும்பத்தோடு பெரிஸ்ஸாவுக்குப் போயிருந்தோம். ஆறு வயது அக்கா மகள் காலையில் செருப்பைக் குடைக்கடியில் விட்டுவிட்டு நீருக்கு ஓடினாள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வரப் பார்த்தபோது, அலை நனைத்த ஒரு முழ அகல ஈரப் பட்டையைத் தாண்டி அவளால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. அந்தப் பட்டையிலேயே ஒற்றைக்காலை மாற்றி மாற்றி வைத்து அழுதுகொண்டு நின்றவளை, அக்கா போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். தூக்கி வந்தவளுக்கும் உள்ளங்கால் சிவந்திருந்தது. பெரிஸ்ஸாவில் நீர் தொடங்கும் இடத்தில் சில பகுதிகளில் வழுக்கும் கற்பலகைகள் பரவிக் கிடக்கின்றன. கமாரியில் மணலைவிடக் கூழாங்கற்களே அதிகம், கரையும் சட்டென்று ஆழமாகிறது. நீருக்குள் அணியும் ரப்பர் காலணி இந்தத் தீவில் ஆடம்பரப் பொருள் அல்ல, தேவை.

அக்ரோத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புக் கடற்கரையைப் படத்தில் பார்த்து அங்கே ஒரு நாள் முழுவதும் செலவிடத் திட்டமிடுவதும் தவறு. அதன் சிவந்த மலைச்சுவர் இறுகாத எரிமலைப் பொருளால் ஆனது; பாறை சரியும் ஆபத்தை எச்சரிக்கும் பலகைகள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்து முனையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம். சுவருக்கு அடியில் நிழல் இருக்கிறதென்று குழந்தைகளை உட்கார வைப்பதை நான் எந்த விதத்திலும் ஏற்க மாட்டேன்.

நக்சோஸ் வேறு உலகம். சாண்டோரினியின் பரப்பு ஏறத்தாழ 76 சதுர கிலோமீட்டர்; நக்சோஸ் ஏறத்தாழ 430, சைக்லேட்ஸ் தீவுகளிலேயே பெரியது. நடுவில் 1000 மீட்டரைச் சற்றே தாண்டும் சாஸ் மலை நிற்பதால் இங்கே ஓரளவு நீர்வளமும் விவசாயமும் உண்டு. நக்சோஸ் உருளைக்கிழங்கும் கிராவியேரா பாலாடைக்கட்டியும் கிரேக்கம் முழுவதும் பெயர்பெற்றவை. நமக்கு வேண்டிய செய்தி மேற்குக் கரையில் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பாறை கிரானைட் வகை. அது தேய்ந்து உதிர்ந்த மணல் வெளிறிய பொன்னிறத்தில், காலுக்குச் சுகமாக, தெற்கு நோக்கிப் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்திருக்கிறது. சூரிய மறைவைக் கடற்கரையிலிருந்தே பார்க்க வேண்டுமென்று விரும்புகிறவர்கள் இந்தக் கரை மேற்கே பார்த்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். பெரிஸ்ஸாவில் அழுத அதே குழந்தை, இங்கே நக்சோஸ் நகரத்தை ஒட்டிய ஆயியோஸ் ஜார்ஜியோஸ் கரையில் நீருக்குள் நடந்துகொண்டே போனாள். ரொம்பத் தூரம் போன பிறகும் நீர் இடுப்பைத் தாண்டவில்லை.

நக்சோஸைத் தேர்ந்தெடுத்தவர்களும் தவறு செய்யாமல் இருப்பதில்லை. தீவு பெரியது என்பதை மறந்து, ஹால்கி, அபிராந்தோஸ் போன்ற அழகான மலைக்கிராமங்களில் அறை எடுத்தால், ஒவ்வொரு குளியலுக்கும் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். அந்தக் கிராமங்களுக்கு ஒரு நாள் பயணமே போதும். இரண்டாவது, மேற்குக் கரை முழுவதும் ஒன்றுபோல இருக்கும் என்று எண்ணுவது. வண்டியில்லாமல், கடையும் உணவகமும் காலடியில் வேண்டுமென்றால் ஆயியோஸ் ஜார்ஜியோஸ். நகரத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் உள்ள ஆயியோஸ் ப்ரோகோபியோஸில் தெளிவான நீரும் சற்றுப் பருமணலும் இருக்கும்; பேருந்து அடிக்கடி வரும். அடுத்த ஆயியா அன்னாவைத் தாண்டினால் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள பிளாக்கா. கூட்டத்தை விட்டு விலகி நடக்க விரும்புகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த கரையை நான் சைக்லேட்ஸில் பார்த்ததில்லை. அதற்கும் தெற்கே மிக்ரி விக்லாவில் காற்று பலமாக அடிப்பதால் பட்டம் கட்டி அலைமேல் சறுக்குகிறவர்கள் தேடி வருகிறார்கள். அதே காரணத்தால், படுத்துப் புத்தகம் படிக்க நினைப்பவருக்கு அங்கே மணல் கண்ணில் விழும்.

சாய்வு நாற்காலிக்குப் பணம் கட்டாமல் கடற்கரையில் இடம் கிடைக்காது என்று நினைப்பதும் பிழையே. 2023-ஆம் ஆண்டுக் கோடையில், கரை முழுவதையும் வியாபாரிகள் நாற்காலி போட்டு அடைத்துக்கொள்வதை எதிர்த்து, பக்கத்துத் தீவான பரோஸில் உள்ளூர் மக்கள் துண்டுகளை விரித்துப் போராடினார்கள். அந்தத் துண்டு இயக்கம் நக்சோஸுக்கும் பரவியது, மறு ஆண்டு அரசு கடற்கரைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. துண்டை விரித்து உட்கார எல்லோருக்கும் உரிமை உண்டு.

காற்றைக் கணக்கில் எடுக்காதது இரண்டு தீவுகளுக்கும் பொதுவான தவறு, அதுவே மிக அதிகமாக இழப்பு தருவது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பால்கன் பகுதியில் உயர் அழுத்தமும் துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தமும் நிலைகொள்வதால், ஏஜியன் கடலில் மெல்தெமி என்ற வடக்குக் காற்று சில நாள் தொடர்ந்து வீசும். வானம் தெளிவாக இருக்கும், மழை அறிகுறி எதுவும் இராது. அதனாலேயே வெளியூர்க்காரர்கள் அதை முன்கூட்டி உணர்வதில்லை. பிற்பகலில் வலுக்கும் இந்தக் காற்று வெயிலின் கடுமையைக் குறைக்கிறது என்பது நன்மை. ஆனால் காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8-ஐ ஒட்டிப் போகும்போது படகுகள் துறைமுகத்திலேயே நிறுத்தப்படும். இலேசான விரைவுப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடுவதுண்டு. ஆகையால் நாடு திரும்பும் விமானம் ஏதென்ஸிலிருந்து புறப்படுகிறதென்றால், அன்று காலைதான் தீவிலிருந்து படகேறுவது என்று ஒருபோதும் திட்டமிடக் கூடாது. நடுவில் ஓர் இரவு ஏதென்ஸில் இருக்கட்டும். சற்று மெதுவாகப் போனாலும் வண்டிகளை ஏற்றும் பெரிய கப்பலில் சீட்டு எடுப்பது காற்றுக் காலத்தில் பாதுகாப்பானது, வயிற்றுக்கும் நல்லது.

“சாண்டோரினிக்கு விமானம் இருக்கிறது, நக்சோஸுக்குப் போவதுதான் சிரமம்” என்று சொல்லி நக்சோஸைக் கைவிடுகிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். சாண்டோரினிக்குப் பல ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேர் விமானங்கள் உண்டு; நக்சோஸின் சிறிய விமான நிலையத்துக்கு ஏதென்ஸிலிருந்து சிறு விமானங்களே வருகின்றன. ஆனால் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் நக்சோஸ் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்; சாண்டோரினிக்கு ஏழரை, எட்டு மணி நேரம் ஆகும். பல கப்பல்கள் நக்சோஸைத் தொட்டுவிட்டுத்தான் சாண்டோரினிக்கே போகின்றன.

மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் வெயில் இதமாக இருந்தாலும் கடல் இன்னும் குளிர்ந்தே இருக்கும். செப்டம்பரில் காற்று தணிந்து, கோடை முழுவதும் சூடேறிய நீர் வெதுவெதுப்பாக இருக்கும். பள்ளி விடுமுறையின் கட்டாயம் இல்லாதவர்கள் செப்டம்பரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அக்டோபர் இறுதியில் கடற்கரையோர உணவகங்கள் பல மூடத் தொடங்கிவிடும்.

இவ்வளவும் சாண்டோரினியை ஒதுக்கச் சொல்வதற்காக எழுதவில்லை. அந்த விளிம்பில் நின்று, உடைந்த எரிமலையின் வாய்க்குள் கப்பல்கள் எறும்பாக ஊர்வதைப் பார்ப்பது வாழ்நாளில் ஒருமுறையாவது வாய்க்க வேண்டிய காட்சி. சாம்பலுக்கடியில் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் புதைந்து கிடந்து, 1967-இல் தொடங்கிய அகழாய்வில் வெளிப்பட்ட அக்ரோத்திரி நகரமும் அங்கேதான் இருக்கிறது. மாடிவீடுகளும் கழிவுநீர் வடிகால்களும் கொண்ட அந்த நகரத்தைக் காணாமல் திரும்புவது பெரிய இழப்பு. ஆனால் இவை இரண்டு நாளில் நிறைவாகப் பார்த்து முடிக்கக்கூடியவை. நக்சோஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாவாக இதைச் சுருக்குவதும் சரியல்ல. அப்படிப் போனால் சுற்றுலாக் கப்பல்களில் வந்த கூட்டம் ஃபிராவின் ஒடுங்கிய சந்துகளை நிறைத்திருக்கும் நண்பகல் நேரம்தான் நமக்குக் கிடைக்கும். மாலை வெளிச்சம் இறங்குமுன் திரும்பும் படகுக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஒரு வாரம் இருக்கிறது, இரண்டையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிரேயஸிலிருந்து காலைக் கப்பலில் நக்சோஸ் போய் நான்கைந்து இரவு ஆயியோஸ் ப்ரோகோபியோஸ் அல்லது பிளாக்கா பக்கம் தங்குங்கள். பிறகு படகில் சாண்டோரினி சென்று, ஒரே ஓர் இரவு கல்டேரா விளிம்பில் இருங்கள். அந்த ஊர்களில் அறை வாசல்வரை வண்டி போகாத இடங்கள் பல. படிகளில் தூக்க முடிகிற ஒரு சிறிய பையோடு போவது நல்லது. கடைசி இரவைக் கமாரிக்கு மாற்றிக்கொண்டால் விமான நிலையம் சில கிலோமீட்டர்தான். அதிகாலையில் கறுப்பு மணல் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே கரைக்குப் போய், கிழக்கே கடலுக்குமேல் சூரியன் எழுவதைப் பார்த்து, ஒருமுறை முங்கி எழுந்து, தலை உலர்வதற்குள் விமான நிலையம் சேர்ந்துவிடலாம்.