டிசிபி சாக்கெட்டில் அவசர பைட்டைக் கண்டறிவது எப்படி?

அவசரத் தரவை அவுட்-ஆஃப்-பேண்ட் (சுருக்கமாக ஓஓபி) தரவு என்பார்கள். அப்படிச் சொன்னதும் தனிப் பாதை ஒன்று இருப்பதாகத் தோன்றும். டிசிபியில் அப்படி எதுவும் கிடையாது. ஹெடரில் உள்ள யூஆர்ஜி கொடியும் 16 பிட் அவசரச் சுட்டியும் வழக்கமான தரவு ஓட்டத்துக்குள்ளேயே ஒரு குறி வைக்கின்றன, அவ்வளவுதான். அந்தக் குறியை லினக்ஸில், சி மொழியில் பிடிப்போம்.

1. அனுப்பும் நிரல்: சாதாரண செண்ட் அழைப்பில் "123" அனுப்புங்கள். அடுத்து எம்எஸ்ஜி_ஓஓபி கொடியோடு "456", பிறகு மறுபடி சாதாரணமாக "789". இதில் 6 மட்டுமே அவசர பைட். 4, 5 இரண்டும் சாதாரணத் தரவில் சேர்ந்துவிடும்.

2. பெறும் நிரல்: இணைப்பை ஏற்றதும் 2 விநாடி ஸ்லீப் கொடுங்கள், எல்லாம் வந்து சேரட்டும். பிறகு சாக்கெட்டுகளைக் கவனிக்கும் செலக்ட் அழைப்பின் மூன்றாவது தொகுதியில், அதாவது எக்ஸெப்ட் தொகுதியில், சாக்கெட்டைச் சேருங்கள். பெயரைப் பார்த்துப் பிழைகளுக்கானது என்று நினைக்க வேண்டாம்; பிழை வந்தால் ரீட் தொகுதிதான் எழும். செலக்டுக்குப் பதில் 'போல்' என்ற அழைப்பைப் பயன்படுத்துபவர்கள் 'போல்பிரை' என்ற நிகழ்வைக் கவனியுங்கள்.

3. எக்ஸெப்ட் எழுந்ததும் எம்எஸ்ஜி_ஓஓபி கொடியோடு ரிசீவ் அழைத்து 1 பைட் படியுங்கள். 6 கிடைக்கும்.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ரிசீவ் ஈஇன்வால் என்ற பிழையைத் தந்தால் அவசர பைட் இல்லை, அல்லது ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். சில இயங்குதளங்களில் சாதாரண வாசிப்பு குறியைத் தாண்டும்வரை எக்ஸெப்ட் எழுந்துகொண்டே இருக்கும். லூப் சுற்றிச்சுற்றி இதே பிழையைத் தரும். ஒருமுறை படித்ததும் சாக்கெட்டை அந்தத் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டு, சாதாரண வாசிப்புக்குப் பின் மீண்டும் சேருங்கள். ஈஅகெய்ன் என்ற பிழை வேறு கதை: அறிவிப்பு வந்துவிட்டது, பைட் இன்னும் வரவில்லை. பெறும் பஃபர் நிரம்பியிருந்தால் இப்படி நேரும். அப்போது காத்திருந்து பயனில்லை. சாதாரணத் தரவைப் படித்து இடம் விட்டால்தான் பைட் உள்ளே வரும்.

4. குறி எங்கே என்று அறிய, ஒவ்வொரு சாதாரண ரிசீவுக்கு முன்னும் சாக்அட்மார்க் அழையுங்கள்; குறியில் நிற்கிறோமா என்று அது சொல்லும். பஃபர் எவ்வளவு பெரிதானாலும் முதல் வாசிப்பு "12345" என்று குறியருகே நின்றுவிடும். அடுத்த சாக்அட்மார்க் 1 தரும், அதன்பின் "789". அவசர பைட்டையும் சாதாரணத் தரவோடே தரும் எஸ்ஓ_ஓஓபிஇன்லைன் என்ற சாக்கெட் விருப்பத்தைப் போட்டிருந்தால் 3ஆம் படி வேண்டாம். குறிக்குப் பின் "6789" என்று வரும்.

குறி ஒன்றுதான் இருக்க முடியும். படிப்பதற்குள் இரண்டாவது அவசர பைட் வந்தால் முந்தைய குறி போய்விடும். வழியிலுள்ள சில ஃபயர்வால்கள் யூஆர்ஜி கொடியையே அழித்துவிடுவதும் உண்டு. புதிய செயலிகளில் இதைத் தவிர்க்கச் சொல்கிறது 2011இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 6093. அவசரக் கட்டளைகளுக்கு இரண்டாவது டிசிபி இணைப்பு ஒன்றைத் திறந்துகொள்ளலாம்.