புறக்கோள்கள்: எங்கே சறுக்குகிறோம்?

புதிய கோள் கண்டுபிடிப்பு என்று செய்தி வந்தால், கூடவே நீலக் கடலும் மேகமுமாக ஒரு படமும் வரும். அது ஓவியம். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘கற்பனைப் படம்’ என்று போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. புறக்கோள்கள் என்பவை சூரியன் அல்லாத வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள்; உறுதியானவை 5,000-க்கும் மேல். நேரடியாகப் படம் பிடித்தவை மிகச் சில. 2008-இல் வெளியான எச்ஆர் 8799 என்ற விண்மீனின் படத்திலும் கோள்கள் வெறும் ஒளிப்புள்ளிகள்தான். மற்றவற்றை விண்மீனின் நடத்தையை வைத்தே கணிக்கிறார்கள்.

கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீன் சற்று மங்கும். ஆனால் மங்கினால் உடனே கோள் என்று முடிவு கட்டக் கூடாது. பின்னணியில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள் இருந்தாலும் அதே மங்கல் தெரியும். அப்புறம், மங்கல் சொல்வது கோளின் அளவை மட்டுமே. எடையை அறிய, கோளின் ஈர்ப்பால் விண்மீன் எவ்வளவு தள்ளாடுகிறது என்று அளக்க வேண்டும். இரண்டும் கிடைத்தால்தான் அடர்த்தி தெரியும், பாறையா வாயுவா என்று பேச முடியும். அதற்கு முன்பே ‘இரண்டாம் பூமி’ என்பது அவசரம்.

பெரிய தவறு வேறு: பட்டியலில் இருப்பதையே அண்டத்தின் நிலவரமாக எடுத்துக்கொள்வது. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றுவதாக 1995-இல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் அறிவித்த முதல் கோளான 51 பெகாசி பி, வெறும் 4.2 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. அடுத்தும் அதுபோன்ற ‘சூடான வியாழன்கள்’, அதாவது விண்மீனை ஒட்டிச் சுற்றும் வியாழன் போன்ற பெரும் வாயுக் கோள்கள், வரிசையாகச் சிக்கின. ஆனால் நூறு விண்மீன்களில் ஒன்றுக்கு அப்படி ஒரு கோள் இருந்தாலே அதிகம். கனமாகவும் அருகிலும் இருப்பதால் எளிதில் மாட்டுகின்றன, அவ்வளவுதான். நம் வியாழன் சூரியனை நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. பூமியோ 9 சென்டிமீட்டர்தான். போதாக்குறைக்கு, பூமி சூரியனைக் கடப்பதைப் பார்க்கும் கோணம் வெளியிலிருந்து 200-இல் ஒருவருக்குத்தான் வாய்க்கும்.

சரி, அந்தச் சூடான வியாழன்கள் இப்போது இருக்கும் இடத்திலேயே பிறந்தனவா? பெரும்பாலானவை பனி உறையும் தொலைவில் உருவாகி உள்ளே நகர்ந்திருக்கும் என்பதே பரவலான கருத்து.

பிறப்பைப் பற்றி இன்னொன்று. 2014-இல் அல்மா தொலைநோக்கி எடுத்த எச்எல் டௌரி என்ற இளம் விண்மீனின் படத்தில், அதைச் சுற்றியுள்ள, கோள்கள் பிறக்கும் தூசி வட்டில் வளையங்களும் இடைவெளிகளும் அழகாகத் தெரிந்தன. இடைவெளிக்கு ஒரு கோள் என்று எண்ணிவிட வேண்டாம். கோளே இல்லாமலும் தூசி வளையமாகத் திரளலாம். பிடிஎஸ் 70 விண்மீனின் இடைவெளிக்குள் இரண்டு கோள்களைப் படமே பிடித்துவிட்டார்கள். எச்எல் டௌரியில் இன்னும் ஒன்றுகூட உறுதியாகவில்லை.