மாதாமாதம் மருந்துச் செலவா? எங்கே போவது, எதைக் கேட்பது

சர்க்கரை, பி.பி. என்று மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்கள் கடையை மாற்றும் முன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் அச்சாகியிருக்கும்: மெட்ஃபார்மின் 500 மி.கி. எஸ்.ஆர்., கிளிமிபிரைடு 1 மி.கி. என்பதுபோல. பெயர், மி.கி., எஸ்.ஆர். உண்டா இல்லையா, மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்.ஆர். என்றால் மருந்து மெதுவாகக் கரையும் வகை. அதற்குப் பதில் சாதா மெட்ஃபார்மின் வாங்கினால் பலருக்கு வயிறு படுத்தும்.

அடுத்து, டாக்டரிடம் மூலப்பெயரிலேயே சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய ஷெட்யூல் ஹெச் மருந்துகளுக்குச் சீட்டில் கம்பெனிப் பெயர் இருந்தால், கடைக்காரர் தாமாக வேறு கம்பெனி மருந்து தரச் சட்டம் இடம் தரவில்லை. மலிவு மருந்தகத்துக்குப் போயும் பலர் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

சீட்டு கையில் இருந்தால், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகம், மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இரண்டிலும் விலை கேளுங்கள். மக்கள் மருந்தகம் பக்கத்தில் எங்கே இருக்கிறது, மருந்து என்ன விலை என்பதை 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் பார்க்கலாம். இருப்பு உண்டா என்று போன் செய்துவிட்டுப் போவது நல்லது. டெல்மிசார்டன், அம்லோடிபின் என்ற இரண்டு பி.பி. மருந்துகளும் சேர்ந்த ஒரே மாத்திரை கிடைக்காவிட்டால், இரண்டாகப் பிரித்து எழுத முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். வலிப்பு மருந்து, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மூன்றையும் டாக்டருக்குத் தெரியாமல் மாற்றவே கூடாது. சின்ன வித்தியாசம்கூட ரத்தத்தில் மருந்தின் அளவைக் குலைத்துவிடும்.

அந்த விலையும் கட்டாதென்றால் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது ஜி.எச். பழைய சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டையும் எடுத்துக்கொண்டு காலை ஓ.பி.க்குப் போனால், தொற்றா நோய்ப் பிரிவில் பார்த்துவிட்டு இலவசமாகத் தருவார்கள். அவர்களிடம் உள்ள பட்டியலிலிருந்துதான் கிடைக்கும். அதே கம்பெனிதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வரும். அந்தப் பகுதி செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பேனா இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அரசு இன்சுலினுக்கு மாறும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேனாவில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அரசு மருத்துவமனை குப்பியில் பெரும்பாலும் 40. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான் சரி. ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் இறங்குவது வெறும் 8 யூனிட். சர்க்கரை ஏறும், பழி அரசு மருந்தின் மேல் விழும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. அது மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சைக்குத்தான். கடையில் வாங்கும் மாத மாத்திரைக்கு உதவாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறதா? அப்படியானால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் இலவசம். பிடித்தம் போயும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகளுக்குச் சில கம்பெனிகளே உதவித் திட்டம் வைத்திருக்கின்றன. நேரே விண்ணப்பிப்பதைவிட, சிகிச்சை தரும் டாக்டர் மூலம் பதிவு செய்வதே வழக்கம். முதல் பெட்டி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். காலி அட்டைகளைத் திருப்பிக் கேட்கும் திட்டங்களும் உண்டு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.