நவக்கிரக ஊர்ல உருண்டை உருண்டையா கோள் குக்கீஸ்

கும்பகோணம் பக்கத்து புள்ளைங்களுக்கு கோள் பேரெல்லாம் ஸ்கூல் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும், ஆலங்குடி கஞ்சனூர் திருவெண்காடுன்னு வீட்டோட ஒரு சுத்து போயிட்டு வந்துருவாங்க. என் அக்கா பொண்ணும் அப்படித்தான். போன லீவுல அவளோட உக்காந்து இந்த குக்கீஸ் பண்ணப்ப புதனுக்கு பச்சை கலரை எடுத்து வச்சுட்டா, ஏன்டின்னு கேட்டா "புதன் சாமிக்கு பச்சைத் துணிதானே சித்தி"ங்கறா. கோயில்ல அது சரிதான், ஆனா வானத்துல இருக்கற புதன் சாம்பல் கலர், நம்ம நிலா மாதிரி குழி குழியா இருக்கும். அதனால ஒவ்வொரு கோளோட நிஜ கலரையும் சேர்த்தே எழுதறேன்.

மாவு. மைதா 300 கிராம், கார்ன்ஃபிளார் 30, உப்பில்லாத பட்டர் 150, பொடிச்ச சர்க்கரை 120, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப்பொடி, பால் 2-3 டேபிள்ஸ்பூன். பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம், மாவு உப்பி வந்தா ஷேப் போயிரும். பட்டரும் சர்க்கரையும் நல்லா குழைச்சு, மாவு சேர்த்து, பாலை கொஞ்சம் கொஞ்சமா விட்டு சப்பாத்தி மாவை விட கொஞ்சம் கெட்டியா சேருங்க, ரொம்ப பிசையாதீங்க. மூடி ஃபிரிட்ஜ்ல 1 மணி நேரம். நம்ம ஊர் சித்திரை வெயில்ல பட்டர் கையிலயே உருகிரும், அப்போ விடிகாலைல ஆரம்பிக்கறதுதான் நல்லது.

இப்ப ஷேப். பெரிய உருண்டையை முழுசா ஒரே துண்டா சுட்டா உள்ள வேகாது, அடியும் சப்பையாயிரும், அதனால ரெண்டு பாதியா சுட்டு ஒட்டணும். அடி உருண்டையா இருக்கற எவர்சில்வர் கிண்ணம் மூணு சைஸ்ல எடுத்துக்கோங்க. வியாழன் பெருசு, சனி அதுக்கு அடுத்தது, யுரேனஸும் நெப்டியூனும் அதை விட சின்னது. நிஜ அளவுல பண்ண முடியாது, ஏன்னா வியாழனோட விட்டம் பூமியை மாதிரி 11 மடங்கு, பூமியை 1 சென்டிமீட்டர் வச்சாலே வியாழன் 11 சென்டிமீட்டர் வந்துரும்.

கிண்ணத்தை கவுத்து, மேல அலுமினியம் ஃபாயிலை சுருக்கம் இல்லாம இழுத்து மூடி, லேசா பட்டர் தடவுங்க. மாவை அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு தேய்ச்சு அது மேல போர்த்தி, விளிம்போட சமமா வெட்டிருங்க, விரிசல் விட்டா ஈர விரலால தடவினா போதும். அப்படியே ஃப்ரீசர்ல 20 நிமிஷம். இந்த 20 நிமிஷத்தை மட்டும் விட்டுராதீங்க! முதல் தடவை நான் அவசரப்பட்டு விட்டுட்டேன், மாவு வழிஞ்சு கிண்ணத்தைச் சுத்தி வளையமா நின்னுது.

பூமிக்கும் வெள்ளிக்கும் இரும்பு பணியாரக்கல்லே போதும், பிளாஸ்டிக் பிடி இருக்கக் கூடாது. குழில மாவை அழுத்தி, கொழுக்கட்டைக்கு சொப்பு செய்வோம்ல அதே மாதிரி கட்டைவிரலால நடுவுல குழி பண்ணுங்க. செவ்வாயும் புதனும் நெல்லிக்காய் சைஸுக்கு முழு உருண்டையாவே பிடிச்சிரலாம், சுடறதுக்கு முன்னாடியே புதன் மேல ஸ்ட்ரா நுனியால குழி குழியா அழுத்திருங்க. மிச்ச மாவுல சனிக்கு வளையம், துளையெல்லாம் வேண்டாம், சனி கிண்ணத்தை விட அகலமா ஒரு வட்டத் தட்டு வெட்டினா போதும்.

ஓடிஜி ஓவனை 170 டிகிரில முன்னாடியே சூடு பண்ணி 14-18 நிமிஷம், ஓரம் லேசா பொன்னிறமானதும் எடுங்க. பணியாரக்கல்லு மட்டும் சூடேற நேரம் எடுக்கும், அதை 5 நிமிஷம் கூட விடுங்க. 5 நிமிஷம் ஆறவிட்டு, வெதுவெதுன்னு இருக்கும்போதே ஃபாயிலோட கழட்டுங்க. நல்லா ஆறினதும் கேரட் துருவியோட சின்னக் கண்ணுல விளிம்பை மெதுவா தேய்ச்சா ரெண்டு பாதியும் இடைவெளி இல்லாம உக்காரும். வெள்ளை காம்பவுண்ட் சாக்லேட்டை உருக்கி ஓரத்துல தடவி ஒட்டிருங்க, மூடறதுக்கு முன்னாடி உள்ள ரெண்டு ஜெம்ஸ் போட்டுட்டா உடைக்கற புள்ளைக்கு ஒரே குஷி. சனிக்கு அந்த தட்டுக்கு மேல ஒரு பாதி, கீழ ஒரு பாதி.

ஐசிங்குக்கு 250 கிராம் ஐசிங் சுகர், 2 டேபிள்ஸ்பூன் மெரிங்க் பவுடர், 3 டேபிள்ஸ்பூன் தண்ணி, நல்லா அடிச்சுக்கோங்க. மெரிங்க் பவுடர்ல முட்டை வெள்ளை இருக்கு, முட்டை சேர்க்காதவங்க வெறும் பால்ல கலக்கலாம், காய லேட்டாகும் அவ்வளவுதான். கலருக்கு ஜெல் எடுங்க, தண்ணி கலர் போட்டா ஐசிங் நீர்த்துரும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது வியாழன்தான். கொஞ்சம் ஐசிங்ல தண்ணிக்கு பதிலா காபி டிகாக்ஷன் ஊத்துங்க, அப்படியே அந்த பழுப்பு வரும், வாசமும் கும்முன்னு இருக்கும். கிரீம் கலர் பூசி, அது காஞ்சதும் பிரஷ்ஷால குறுக்க குறுக்க பட்டை பட்டையா இழுத்து, தெக்குப் பாதில ஒரு செவப்பு முட்டை வடிவம் வைங்க, அது பூமியை விட பெரிய புயல். சனிக்கு கறுப்பு இல்ல, வெளிர் மஞ்சள். தட்டுல கோளை ஒட்டி ஒரு கறுப்பு வளையம் வரைஞ்சா இடைவெளி மாதிரி தெரியும், வெளிப்பக்கம் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, அது 1675ல காசினிங்கற வானியலாளர் வளையத்துல பார்த்த இடைவெளி. செவ்வாய் துரு கலர், சிவப்புல கொஞ்சம் கோகோ, நிஜத்துலயும் அது இரும்புத் துருதான். வெள்ளி கிரீம் வெள்ளை. யுரேனஸ், நெப்டியூன் ரெண்டுமே வெளிர் பச்சை நீலம், நெப்டியூன் ஒரு துளி கூட நீலம், கருநீலமா பார்த்த பழைய படமெல்லாம் நிறத்தை தூக்கிக் காட்டினது. பூமிக்கு ஒரு கிண்ணத்துல நீலமும் வெள்ளையும் ஊத்தி பல்குத்தற குச்சியால ஒரு இழுப்பு இழுத்து, ஒவ்வொரு பக்கமா தொட்டுத் திருப்பி எடுங்க, மேகம் தானா வந்துரும், காஞ்சப்புறம் நிலத்தை பச்சையில வரைஞ்சுக்கலாம்.

பாட்டில் மூடி மேல நிக்க வச்சு ஃபேன் அடியில 6-8 மணி நேரம் காய விடுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில பண்ணாதீங்க, ஐசிங் பிசுபிசுன்னே இருக்கும். தட்டைச் சுத்தி எறும்பு வரும், தாம்பாளத்துல தண்ணி ஊத்தி நடுவுல ஒரு கிண்ணத்தை கவுத்து அது மேல தட்டை வைங்க. காஞ்சதும் டப்பாவுல போட்டு இறுக்கி மூடினா ஒரு வாரம் மொறுமொறுன்னு இருக்கும், சனியை மட்டும் தனி டப்பாவுல வைங்க, வளையம்தான் முதல்ல உடையும்.