சுற்றாடலைக் கற்பிக்கப் புதுப் பாடநெறி தேவையில்லை

பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு ஒரு சின்ன யோசனை. சுற்றாடலுக்கென்று தனிப் பாடநெறி எழுதி, அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இப்போது கற்பிக்கும் பாடத்திலேயே ஒரேயொரு பயிற்சியை மாற்றிப் பாருங்கள்.

மட்டக்களப்பில் அதற்கு நல்ல கரு, முகத்துவாரம் வெட்டுவது; அதாவது வாவி கடலோடு சேரும் வாயை அடைத்து நிற்கும் மணல் திட்டை வெட்டித் திறப்பது. மாரியில் வாவி நிரம்பினால், அதன் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்கள் தண்ணீரில் நிற்கும். மணல் திட்டை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். வெட்டினால் வெள்ளம் வடியும். கடல்நீரும் உள்ளே வரும், வாவியின் உவர்த்தன்மை மாறும், மீனும் இறாலும் அதற்கேற்ப இடம் மாறும். அப்படியானால் எப்போது வெட்டுவது, யார் தீர்மானிப்பது? பொருளியல் மாணவர்கள் இரு பக்க நட்டத்தையும் கணக்கிடலாம். புள்ளிவிபரவியலுக்கு மழைவீழ்ச்சித் தரவு போதும். தமிழ்த்துறையில் மருதத்தையும் நெய்தலையும் இந்த வாவிக்கரையில் வைத்தே வாசிக்கலாம். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலில் என்றால் துறைமுகமும் கடலரிப்பும் கண்முன்னே இருக்கின்றன.

விரிவுரைக்கு முன்பே மாணவர்களை ஒரு மீனவரோடும் ஒரு விவசாயியோடும் பேச அனுப்புங்கள். அதற்குப் புள்ளியும் கொடுங்கள். புள்ளி இல்லாவிட்டால் பரீட்சை நெருங்கும்போது கைவிட்டுவிடுவார்கள்.