பச்சை ஹோஸ்டாதானே என்று விட்டுவிடாதீர்கள்

மே மாதம் டொராண்டோ பக்கம் எந்த நர்சரிக்குள் நுழைந்தாலும், இலை அழகுக்காக நிழலில் வளர்க்கும் ஹோஸ்டாச் செடிகளின் மேசையில் வெள்ளை ஓரம், மஞ்சள் நடு, நீலச் சாம்பல் என்று நிறம் காட்டும் தொட்டிகள்தான் முன்வரிசையில் இருக்கும். முழுப் பச்சை இலைக்காரர்கள் பின்னால் ஒதுங்கி நிற்பார்கள். வாங்க வருகிறவர்களும், 'நிழலில் எதையாவது நட்டு இடத்தை அடைக்கணும்' என்று போகிறபோக்கில் இரண்டை எடுத்துக் கூடையில் வைப்பார்கள். அப்படி வந்த செடிக்குக் கிடைக்கும் இடம், தண்ணீர், கவனிப்பு எல்லாமே மிச்சம்மீதிதான். பச்சை ஹோஸ்டாவில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த அலட்சியத்தில் கிளைத்தவை.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஹோஸ்டாவின் தாயகம் ஜப்பான், கொரியா, சீனா. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து மண்ணுக்குள் உறங்கி எழும் செடி இது. 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏறக்குறைய ஆறு வாரமாவது கிடந்தால்தான் அடுத்த ஆண்டு முளை திடமாக வரும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அந்த உறக்கத்துக்கு வழியில்லை. செடி முளைத்து வந்தாலும் ஓரிரு ஆண்டில் இலை சிறுத்துச் சிறுத்து மறைந்துபோகும். இணையத்தில் வானவில் நிறப் படம் போட்டு விற்கும் 'ஹோஸ்டா விதை'க்குப் பணம் கட்ட வேண்டாம். அந்த நிறங்களில் ஹோஸ்டா கிடையாது.

எந்தப் பச்சை என்று கேட்காமல் வாங்குவது

பச்சையாகத் தெரியும் ஹோஸ்டா எல்லாம் பச்சை ரகம் அல்ல. நீல ஹோஸ்டாவின் நீலம் இலைக்குள் இருக்கும் நிறமில்லை. திராட்சைப் பழத்தின்மேல் மாவுபோலப் படிந்திருக்குமே, அந்த மாதிரி ஒரு மெழுகுப் பூச்சு. வெயிலும் மழையும் பட்டு ஆகஸ்டுக்குள் அது கரைந்துவிட்டால் அடியில் இருக்கும் பச்சை வெளியே வந்துவிடும். கோடை முடிவில் தள்ளுபடியில் 'பச்சை' என்று வாங்கியது, அடுத்த வசந்தத்தில் நீலமாக முளைப்பது இதனால்தான். விரலால் இலையை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த தடம் அடர்பச்சையாகத் தெரிந்தால் அது பூச்சுள்ள ரகம். 'டெவன் கிரீன்' மாதிரி உண்மைப் பச்சையில் தடமே விழாது. எண்ணெய் தடவியதுபோல முதலிலிருந்தே மினுங்கும். வேடிக்கை என்னவென்றால், டெவன் கிரீன் பிறந்ததே 'ஹால்சியன்' என்ற நீல ரகத்திலிருந்துதான்.

அளவு கேட்காமல் வாங்குவது அடுத்த வம்பு. கொரியத் தீவுப் பகுதியைச் சேர்ந்த வெனுஸ்டா முழுதாக வளர்ந்தாலும் ஒரு சாண் உயரம் தாண்டாது. 'எம்ப்ரஸ் வூ' இடுப்பளவுக்கு மேல் நின்று ஒன்றரை மீட்டருக்கு மேல் விரியும். நர்சரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் ஒரே மாதிரி நிற்கும். பெயர்ச்சீட்டில் இருக்கும் அகலத்தைப் பார்த்து, அதில் பாதியையாவது ஒவ்வொரு பக்கமும் விட்டு நடுங்கள்.

வாங்கிய இரண்டாம் ஆண்டே 'படத்தில் இருந்த மாதிரி இல்லையே' என்று பிடுங்கிப் போடுகிறவர்களும் உண்டு. இளம் ஹோஸ்டாவின் இலை ஒடுக்கமாகத்தான் இருக்கும். அகலமும் மேடுபள்ளமும் நரம்பின் ஆழமும் நான்கைந்து ஆண்டு கழித்தே வரும். பெரிய ரகங்களுக்கு ஏழெட்டு ஆண்டு.

நிழல் என்றால் இருட்டு என்று நினைப்பது

ஹோஸ்டா நிழலைத் தாங்கும் செடி. நிழல்தான் அதற்கு உயிர் என்பது தவறு. வேலிக்கும் கராஜுக்கும் இடையே வானமே தெரியாத சந்தில் நட்டால் சாகாது; ஆனால் பருக்காது, பூக்காது, இலைக்காம்பு மட்டும் நீண்டு சாயும். பச்சை ரகங்கள் நீல ரகங்களைவிட வெயில் தாங்குபவை. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழுந்து, பிற்பகலில் நிழல் வரும் கிழக்குப் பக்கம் நல்ல இடம்.

இதில் சீனத்து பிளான்டஜினியாவும் அதன் வழிவந்த 'ராயல் ஸ்டாண்டர்ட்' போன்றவையும் தனி ரகம். இவற்றுக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். அடர் நிழலில் வைத்துவிட்டு 'மணக்கும் என்றார்கள், பூவே காணோம்' என்றால் செடி என்ன செய்யும்? மறுபக்கம், மேற்கு வெயில் சுவரில் பட்டுத் திரும்பி அடிக்கும் இடத்தில் எந்த ஹோஸ்டாவும் ஜூலையில் ஓரம் கருகும். கருகல் ஓரத்திலும் நுனியிலும் இருந்தால் வெயிலும் தண்ணீர்க் குறைவும். நரம்புகளுக்கு இடையே பட்டை பட்டையாக இருந்தால் அது வேறு கதை, கீழே வருகிறது.

மரத்தடியில் ஆழக் குழி தோண்டுவது

ஹோஸ்டா வேர் கீழே போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் ஓடும். எனவே குழி 30 செ.மீ. ஆழம் இருந்தால் போதும்; அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மட்கிய கம்போஸ்ட் கலந்து, தொட்டியில் இருந்த அதே மட்டத்தில் குருத்தடியை வைத்து மூடுங்கள். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேரைப் பிரித்து, விரித்து வைக்காமல் அப்படியே இறக்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மூன்று ஆண்டு கழித்துத் தோண்டினால் வேர் இன்னும் தொட்டி வடிவத்திலேயே இருக்கும்.

மேப்பிள் மரத்தடி நிழல் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதன் வேர்கள் மேல்மண்ணிலேயே சல்லடைபோலப் பின்னிக்கிடக்கும். நீங்கள் கம்போஸ்ட் போட்டு நனைத்த குழியைத் தேடி அவை ஓரிரு ஆண்டில் வந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு குத்து சிறுத்துக்கொண்டே வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அங்கே நட்டே ஆக வேண்டுமானால், அடியில் துளையுள்ள பெரிய தொட்டியோடு மண்மேல் வைத்து, தொட்டிக்கடியில் ஒரு தட்டைக்கல் போடுங்கள். உரம், முளை தலைகாட்டும்போது ஒருமுறை 10-10-10 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) போதும். ஜூலை முடிந்த பிறகு போட்டால் குளிருக்கு முன் தேவையில்லாத இளம் இலைதான் வரும்.

மேலிருந்து தண்ணீர் அடிப்பது

வாரத்துக்கு 2.5 செ.மீ. மழைக்கு ஈடான தண்ணீர் வேண்டும். ஒரு மீட்டர் அகலக் குத்துக்கு அது ஏறத்தாழ 20 லிட்டர். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரத்தில் ஒன்றிரண்டு முறை அடிமண்வரை நனைப்பது நல்லது.

எப்படி ஊற்றுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. இலைக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு ஒன்று உண்டு. இலைமேல் நீர்ப்படலம் இருந்தால் அதில் நீந்தி அடுத்த இலைக்குப் போகும். பக்கத்துச் செடிக்கும் தெறிக்கும். ஜூலை, ஆகஸ்டில் நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலப் பழுப்புப் பட்டைகள் தெரியும். ஹோஸ்டா நரம்பின் குறுக்கே அது கடக்க முடியாததால்தான் இந்த நேர்கோடு. வந்த செடியை எடுத்துவிடுவதே மேல். வராமல் இருக்க, குழாயை மண்ணோடு வைத்துக் காலையில் தண்ணீர் விடுங்கள்.

மூடாக்கை (மண்மேல் பரப்பும் மரப்பட்டை, சருகு) எரிமலைபோலக் குருத்தடியில் குவிப்பதும் இந்த வகைத் தவறுதான். 5 செ.மீ. கனம் போதும், குருத்தைச் சுற்றி ஒரு கையகலம் வெறும் மண்ணாக இருக்கட்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாள்களில் மூடாக்குக்குள் பூஞ்சை பிடித்து இலைக்காம்பின் அடி அழுகும். இலையை இழுத்தால் கையோடு வரும். அடியில் வெள்ளை நூலும், கடுகு சிந்தினதுபோல இளம்பழுப்பு உருண்டைகளும் கிடக்கும். அந்தக் 'கடுகு' ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டு நோய்க்கான விதை. செடியோடு மேல்மண்ணையும் அள்ளிக் குப்பையில் போடுங்கள், கம்போஸ்டில் வேண்டாம்.

முட்டை ஓட்டை நம்புவது

ஓடில்லா நத்தைக்கு ஹோஸ்டா என்றால் விருந்து. முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல் என்று ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018இல் இவற்றை லெட்யூஸ் செடிகளில் சோதித்து, எதுவும் இல்லாமல் விட்ட செடிக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் காணவில்லை என்றது. இரும்புப் பாஸ்பேட் குருணை வேலை செய்யும். ஆனால் பெரும்பாலோர் அதை ஜூனில் இலையில் ஓட்டை பார்த்த பிறகு தூவுகிறார்கள். முளை தோட்டாபோலச் சுருண்டு நிற்கும்போதே நத்தை கடித்திருக்கும். ஒரு கடி பல சுருளைத் துளைத்து, இலை விரியும்போது வரிசையாகப் பல ஓட்டைகளாகத் தெரியும். ஆகவே முளை கண்டதும் தூவுங்கள். பழைய மெட்டால்டிஹைட் குருணை நாய், பறவைகளுக்கு ஆபத்து. பிரிட்டனில் 2022 வசந்தத்திலிருந்து தோட்டப் பயன்பாட்டுக்குத் தடை.

முழுப் பச்சையில் கனத்த, மெழுகு பூசியதுபோன்ற இலை கொண்ட ரகங்களை நத்தை அவ்வளவாகச் சீண்டாது. மெல்லிய இலை வாங்கிவிட்டு நத்தையைத் திட்டிப் பயனில்லை. மானுக்கு மட்டும் இந்தப் பாகுபாடு எதுவும் கிடையாது.

ஒரே கத்தியால் எல்லாத் தூரையும் பிரிப்பது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்ற நோயை 1996இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பென் லாக்ஹார்ட் அடையாளம் கண்டார். சாறு வழியாகப் பரவும்: கத்தி, மண்வெட்டி, பூந்தண்டு கிள்ளும் நகம். மருந்து கிடையாது. மஞ்சள் இலையில் நரம்போரம் பச்சை மை ஊறினதுபோலச் சட்டென்று தெரியும். அதைப் பார்த்துப் புதிய ரகம் என்று ஏமாந்து பெயர்சூட்டி விற்ற காலமும் உண்டு. பச்சை இலையில்தான் சிக்கல். வெளிறிய திட்டு, லேசான சுருக்கம், காகிதம்போல மெலிந்த பகுதி என்று அடக்கமாக வரும், அல்லது பல மாதம் ஒன்றுமே தெரியாது. இலையை வானத்துக்கு எதிராகப் பிடித்து வெளிச்சம் ஊடுருவப் பாருங்கள். நரம்பைச் சார்ந்து புள்ளியும் திட்டும் தெரிந்தால் வேரோடு எடுத்துப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். மிச்ச வேரிலும் வைரஸ் இருக்கும். அது முழுதாக மட்கும்வரை அந்த இடத்தில் ஹோஸ்டா வேண்டாம்.

தூர் பிரிக்க நல்ல காலம், வசந்தத்தில் முளை 5 செ.மீ. இருக்கும்போது, இல்லையென்றால் ஆகஸ்டு கடைசி, செப்டம்பர் தொடக்கம். மண் உறைய நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று முளையாவது இருக்கட்டும். ஒரு செடி முடிந்ததும் கத்தியின் மண்ணைக் கழுவி, ஒரு பங்கு பிளீச் ஒன்பது பங்கு தண்ணீரில் நனைத்து, கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். வெள்ளை ஓரச் செடியின் நடுவே முழுப் பச்சை முளை வந்தால் அதையும் இந்தச் சமயத்தில் பிரித்துவிடலாம். பச்சையத்தின் பலத்தில் அது குத்து முழுவதையும் விழுங்கிவிடும். எடுத்ததை எறிய வேண்டாம், திடமான பச்சை ஹோஸ்டா சும்மா கிடைத்தது என்று வேறிடத்தில் நடுங்கள்.

பூந்தண்டை முன்னமே வெட்டுவது

'இலைக்காகத்தானே வளர்க்கிறோம்' என்று மொட்டிலேயே கத்தரிக்கிறார்கள். பச்சை ரகத்தில் அது பெரிய இழப்பு. பிளான்டஜினியாவுக்குச் சீனத்தில் 'ஜேட் கல் கொண்டையூசி' என்று பொருள்படும் பெயர். மொட்டைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஜப்பானியரோ ஹோஸ்டா மொட்டில் பாலக் கைப்பிடித் தூணின் வெங்காய வடிவக் குமிழைக் கண்டு 'கிபோஷி' என்று அழைக்கிறார்கள். மற்ற ஹோஸ்டாக்கள் காலையில் மலர, பிளான்டஜினியா பிற்பகல் நான்கு மணிக்குமேல் விரிந்து இரவில் மணக்கும். அதை வீட்டுக்குப் பின்மூலையில் வைக்காமல், ஆகஸ்டு மாலையில் நீங்கள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் நடுங்கள். பூ முடிந்தபின் தண்டை வெட்டுங்கள். விதை எடுத்துப் பயனில்லை, தாயைப் போல வராது. ஊதாப் பூ பூக்கும் வென்ட்ரிகோசா ஒன்றுதான் விலக்கு. மகரந்தக் கலப்பில்லாமல் விதைப்பதால் அச்சுவார்த்தாற்போல வரும்.

ஒரே இலையை வரிசையாக நடுவது

பச்சை மட்டும் வைத்தால் சப்பென்று இருக்கிறது என்பவர்களின் பாத்தியைப் பார்த்தால், ஒரே ரகம் பத்து நின்றிருக்கும். நிறம் இல்லாத இடத்தில் கண் தேடுவது வேறுபாட்டை: மினுமினுப்புக்கு அருகே மங்கல், பெரிதுக்கு அருகே சிறிது. 'கிரீன் பைக்ரஸ்ட்' ஓரம் அப்பளம் பொரிந்ததுபோல நெளியும். பக்கத்தில் 'லான்சிஃபோலியா'வின் ஈட்டி இலை நின்றால் இரண்டும் எடுபடும். ஹைபோலூகாவின் இலையடி வெண்பொடி பூசினதுபோல இருக்கும். ஜப்பானில் பாறைச் சரிவில் தொங்கும் செடி அது. தரைமட்டத்தில் நட்டால் அந்த வெண்மையை யாரும் பார்க்கப் போவதில்லை, உயரமான கல்வரப்பில் வையுங்கள். மழை நின்றதும் வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். நரம்புப் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒரு நிழல்கோடு ஓடும்.

வெள்ளை ஓர ரகம் மூன்று நான்கு வைத்திருப்பவர்களும் அவற்றுக்கு இடையே ஒரு பச்சைக் குத்தை வைத்துப் பார்க்கலாம். கத்திக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கும்.

தின்னலாமா என்று சோதிப்பது

ஜப்பானில் வசந்த முளையை 'உருய்' என்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் காட்டில் பறிக்கப் போனவர்கள், முளையில் அதே தோற்றமுள்ள நச்சுச் செடியான வெராட்ரமைப் பறித்து நோய்ப்பட்டது அங்கே பலமுறை நடந்திருக்கிறது. ஹோஸ்டாவுக்கு நடுவில் ஒற்றை முக்கிய நரம்பு தெளிவாக இருக்கும், பக்க நரம்புகள் அதிலிருந்து பிரியும்; வெராட்ரத்தில் எல்லாம் அடியிலிருந்து இணையாக ஓடும். நர்சரியில் வாங்கிய செடிக்கு என்ன மருந்து அடித்திருப்பார்களோ, அந்த ஆண்டு முளையை விட்டுவிடுங்கள். நாய், பூனைக்கு ஹோஸ்டா ஆகாது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

நவம்பரில் உறைபனி அடித்து இலை சரிந்து பழுத்ததும் தரையோடு வெட்டி அகற்றுங்கள், நத்தை முட்டையும் நூற்புழுவும் அந்தச் சருகில்தான் குளிரைக் கழிக்கும். அதற்கு முன்னால், பச்சையாக இருக்கும்போதே 'சுத்தம் செய்கிறேன்' என்று வெட்டினால் அடுத்த ஆண்டு முளைக்கான சாப்பாட்டைத்தான் வெட்டுகிறீர்கள். தொட்டியில் இருப்பதைச் சூடேற்றாத கராஜில் ஏற்றி வையுங்கள், தண்ணீர் மாதம் ஒரு டம்ளர் போதும். ஏப்ரல் முடிவில் முளை விரிந்தபின் மறுபடி உறைபனி எச்சரிக்கை வந்தால் பழைய பெட்ஷீட்டைப் போர்த்துங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். இலையில் ஒட்டிய இடமெல்லாம் உறைந்து கருகும்.